மீனுக்கு அம்மாள் வந்தபோது

எங்கட மனிசன், என்னைக் கட்டினவர், வாவியில் மீன் பிடிக்கிறவர். நான் வீட்டுக்குப் பின்னால் மீன் வளர்க்கிறவள். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள், மற்றக் கதை பிறகுதான். செங்கலடிச் சந்தையில் மரக்கறி விற்கிற மனிசி ஒருத்தி, "கள்ளுக்கடைக்காரன் வீட்டில மோர்ப்பந்தல் போட்ட மாதிரி" என்றாள். அந்தச் சொல்லுக்காகவே அவளிடம் ஒரு பிடி பொன்னாங்கண்ணி கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. வீட்டில் இருந்து தைக்கிறவள். சட்டைக்கு அளவு எடுக்கும்போது மனிதர்களால் சும்மா நிற்க முடியாது, எதையாவது சொல்லுவார்கள். அப்படி வந்து விழுந்த சொற்கள்தான் என் படிப்பு.

குளம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது வீடு கட்டியபோது தண்ணீர் சேர்த்து வைத்த சீமெந்துத் தொட்டி. இடுப்பளவு ஆழம், இரண்டு பாய் விரிக்கிற அகலம். வேலை முடிந்த பிறகு அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. மாரி வந்தது, தொட்டி நிரம்பியது. நுளம்பு வந்தது. நுளம்பைத் தேடிச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் விட வேண்டும் என்று சொல்லி, அடுத்த முறை வரும்போது அவரே ஒரு சோடாப் போத்தலில் கப்பிக் குஞ்சுகள் கொண்டுவந்து தந்தார். அன்றைக்குத் தொடங்கியதுதான். விளக்குமாற்றோடு முற்றம் கூட்டப் போகிறவள், தொட்டிப் பக்கம் போனால் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவேன். நகத்தளவு மீன். அதற்கு அப்படி என்ன அவசரம், எங்கே போகிறது, போன இடத்தில் ஒன்றும் இல்லாமல் ஏன் உடனே திரும்பி வருகிறது? இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

கேட்பதற்கு ஆள் கிடைத்தது ஏறாவூரில். அங்கே கைத்தறிச் சாரமும் புடவையும் விற்கிற ராத்தா ஒருவரிடம்தான் நான் துணி எடுப்பது. வயதில் மூத்த முஸ்லிம் பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது வீட்டு முற்றத்தில் மீன்தொட்டி கட்டி, ஒரே ஒரு கொய் மீனை உள்ளங்கை அளவிலிருந்து முழங்கை நீளத்துக்கு வளர்த்து வைத்திருந்தார். வெள்ளை உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள், நெற்றியில் ஒன்று தனியாக. கணவர் காலமான பிறகு ராத்தாதான் அதற்குத் தீன் போட்டார். நான் துணி எடுக்கப் போனால் கடையில் பாதி நேரம், தொட்டியடியில் மீதி நேரம்.

போன வருசம் மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ராத்தாவின் மகளுக்குக் கட்டாரில் பிள்ளைப்பேறு. ராத்தா போகத்தான் வேண்டும். போவதற்கு முன்னம் என்னிடம் வந்து, கடைப் பூட்டின் திறப்பை மகனிடம் கொடுத்துவிட்டேன் என்றார். மீனை?

"மீன் உன்கிட்ட புள்ள. கடை போனாப் போகட்டும், இன்னொண்டு போடலாம். இது அவர் கையால வளர்த்தது. நான் வரக்குள்ள உசிரோட தா, வேற ஒண்டும் கேக்கல்ல."

நான் ஓம் என்றேன். ஓம் என்பது சின்னச் சொல். அதற்குப் பின்னால் எவ்வளவு சாமான் இருக்கிறது என்பது, பட்டா என்கிற குட்டி லொறி எங்கள் படலையடியில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

மீன் வந்தது ஒரு நீலப் பீப்பாவில். மீனைவிட அதற்குப் பின்னால் வந்த சீதனம் அதிகம். முதலில் காற்று மோட்டார். சவர்க்காரப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, நித்திரைப் பூனை மாதிரி உறுமும். அதிலிருந்து மெல்லிய குழாய் போகும், குழாயின் நுனியில் ஒரு கல், கல்லிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். மீன் தண்ணீரில் இருக்கிறது, அதற்குக் காற்று என்னத்துக்கு என்று கேட்டேன். அதுவும் மூச்சு விடுகிறது, தண்ணீருக்குள் கரைந்திருக்கிற காற்றைத்தான் எடுக்கிறது, அது குறைந்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றார் ராத்தா. அன்று முழுக்க எனக்கு அந்த நினைப்புத்தான். தண்ணீருக்குள் மூச்சுமுட்டிச் சாகிற மீன். இத்தனை வருசம் மீன்காரன் வீட்டில் சோறு தின்றும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அடுத்தது வடி வாளி. ஒரு சின்ன நீர்ப்பம்பி குளத்துத் தண்ணீரை வாளிக்கு ஏற்றும், வாளியிலிருந்து தண்ணீர் வடிந்து திரும்பக் குளத்தில் விழும். வாளிக்குள் மேலே பஞ்சு, அதற்குக் கீழே உடைந்த ஓட்டுத் துண்டு, அதற்கும் கீழே சோடாப் போத்தல் மூடிகள். ராத்தாவின் கணவர் தேத்தண்ணிக் கடை தேத்தண்ணிக் கடையாகப் போய்ப் பொறுக்கிய மூடிகளாம். ஊரே சிரித்ததாம். மூடிகளில் ஒரு பழுப்பு வழுவழுப்புப் பிடித்திருந்தது. கழுவட்டா என்று என் கை தன்பாட்டில் போனது. ராத்தா கையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த வழுவழுப்புத்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவதாம், பளிச்சென்று கழுவினால் எல்லாம் போய்விடுமாம். பஞ்சு அடைத்தால் மட்டும் குளத்துத் தண்ணீரிலேயே பிழிந்துவிட வேண்டும். "அழுக்க அழுக்குத்தான் தின்னும்" என்றார். அந்தச் சொல்லையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மேலே கட்டுகிற வலை, மீனை அள்ளுகிற கோலி என்கிற கைவலை, கடைசியாக ஒரு பழைய கறுப்புத் தண்ணீர்த் தாங்கியை நடுவால் அறுத்த அடிப்பாதி. "இது தனித்தொட்டி. இது கட்டாயம் இருக்கோணும்" என்றார். பட்டாக்காரப் பொடியன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் வலித்திருக்காது. கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் அதை வைத்தேன். நல்லாய் நிரம்பியது. சேற்றுக் காலோடு வருகிறவர்கள் கழுவிக்கொண்டு உள்ளே வர வசதியாக இருந்தது.

எங்கட மனிசனுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. விடியப்புறம் வலை இழுத்துவிட்டு வந்து, பிளேன்ரீயைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்ப்பார்.

"தின்னவும் மாட்டாய், விக்கவும் மாட்டாய். பின்ன என்னத்துக்குப் புள்ள இது?"

பார்க்கத்தான் என்றேன்.

"பாக்கிறதுக்கு நான் இல்லையா?"

ஆனால் வலையில் மட்டும் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ராத்தா தந்தது தோட்டத்துக்குப் போடுகிற வலை. அதைத் தூக்கிப் பார்த்து, இந்தக் கண்ணுக்குள்ளால் மீன்கொத்தி உள்ளே போய்ச் சாப்பிட்டு முடித்துக் குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வெளியே வரும் என்றார். அடுத்த நாள் தன்னுடைய பழைய வலையில் சிறு கண் வைத்த துண்டொன்றை வெட்டிக்கொண்டு வந்து, நாலு மூலைக்கும் கம்பு நட்டு, பறை மாதிரி இழுத்துக் கட்டினார். தொய்வாகக் கட்டினால் பறவை சிக்கிச் சாகுமாம். "மீன் பிடிக்கத்தான் தொய்வு வேணும். காவலுக்கு விறைப்பு வேணும்." வாவியில் தன் வலையைக் கொத்துகிற நீர்க்காகத்தை ஏசாத நாள் இல்லை அவருக்கு. இங்கே அது சிக்கிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்.

பிறகு ஒரு நாள் தேத்தண்ணி ஆறிப் பாலாடை மாதிரி ஏதோ மிதக்கிற அளவுக்குக் குளத்தடியில் குந்திக்கொண்டு இருந்தார். என்ன என்று கேட்டேன்.

"மீன் சும்மா நிக்கிறத இண்டைக்குத்தான் புள்ள பாக்கன்."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவருடைய கைக்கு வருகிற மீன் எல்லாம் துடித்துக்கொண்டு வருவது. ஒரு வேலையும் இல்லாமல், ஒருவருக்கும் பயப்படாமல், செட்டையை மட்டும் விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு நிற்கிற மீனை அவர் எங்கே கண்டார்.

அந்த "சும்மா நிற்கிறது"தான் எனக்கு வினையாய் முடிந்தது. ஒரு பெரிய மீன், தனியாக நிற்கிறது, பக்கத்தில் நகத்தளவு கப்பிகள். கலியாண வீட்டில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் கதிரையில் இருக்கிற பெரியவர் மாதிரி எனக்குப் பட்டது. வாழைச்சேனைக்கு சிப்பும் பொத்தானும் வாங்கப் போன இடத்தில், கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் விற்கிற கடை ஒன்று கண்ணில் பட்டது. நாலு சின்னக் கொய் வாங்கினேன். பொலித்தீன் பையோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, நேரே குளத்துக்குள் அவிழ்த்து விட்டேன். பெரியவர் வந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். எனக்குப் பெரிய சந்தோசம்.

மழை விட்டபாடில்லை. குளத்தில் கையை வைத்தால் விரல் விறைக்கிற குளிர். அப்படி ஒரு காலையில் பார்த்தால், பெரியவர் உடம்பைச் சுவரில் தேய்க்கிறார். சொறி வந்த மாடு வேலிக்கம்பில் உரசுமே, அதே மாதிரி. வலையைத் தூக்கி உற்றுப் பார்த்தேன். உடம்பெல்லாம் ரவையைத் தூவிவிட்டது போல வெள்ளை வெள்ளைப் புள்ளி. செட்டையிலும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மச்சாள் வந்தார். எங்கட மனிசனின் அக்கா. கண்ணகி அம்மன் கோயிலில், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்குக்கு வருசா வருசம் தண்ணீர் சுமக்கிறவர். அம்மன் மேல் அவருக்கு இருக்கிற பிடிப்பு, எனக்கு என் தையல் மெசினில் இருக்கிற பிடிப்பு மாதிரி. குனிந்து பார்த்தார். வாயில் கை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் ஆரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார்.

"புள்ள, இது அம்மாள்."

எங்கள் பக்கம் அம்மை என்று பெயர் சொல்ல மாட்டோம். உடம்பில் புள்ளி போட்டால் அம்மாள் வந்திருக்கிறா, அவ்வளவுதான். வந்தவவை மரியாதையாக வைத்திருந்து, குளிர்ச்சி காட்டி, மனம் கோணாமல் அனுப்பி வைக்க வேண்டும். எங்கட மனிசன், இந்தக் குளிருக்குள்ளும் அம்மாளா, அவ வெயிலுக்குத்தானே வருகிறவ என்று கேட்டார். "அவ உன்னட்டக் காலம் நேரம் கேட்டுத்தான் வருவாவோ" என்று மச்சாள் ஒரே வெட்டாய் வெட்டினார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு ராத்தாவின் சொல்தான் காதில் நின்றது, உசிரோட தா. ஒருவர் இதைச் செய் என்று உறுதியாகச் சொன்னால் போதும் என்கிற நிலை. மச்சாள் சொன்னபடி எல்லாம் செய்தோம். வேப்பங்கொப்பு வெட்டிக் குளம் நிறையப் பரப்பினோம். மஞ்சள் கரைத்துத் தெளித்தோம். படலையில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பு நின்றது. அம்மாள் இருக்கிற வீட்டில் சத்தம் ஆகாது என்று ரேடியோ நின்றது. அதே நியாயத்தில் காற்று மோட்டாரும் வடி வாளியின் பம்பியும் நின்றன. உறுமுகிற சாமான்கள்தானே.

அம்மாள் இருக்கிற வீட்டில் மச்சமும் மாமிசமும் இல்லை. அதாவது, மீனுக்கு அம்மாள் வந்தபடியால் மீன்காரன் வீட்டில் மீன்கறி இல்லை. தான் பிடித்த மீனைத் துறையிலேயே முழுதாக விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பருப்பும் கீரையும் தின்றார் மனிசன். துறையில் அவருடைய கூட்டாளிகளுக்கு நாக்குக்குத் தீன். அம்மாள் இறங்கினால் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டுமே, தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறவருக்கு எப்படி வார்ப்பது, கரையில் தூக்கிவைத்து வார்ப்பதா என்று கேட்டார்களாம். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் பருப்பைப் பார்த்தார்.

அதற்கும் அடுத்த நாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரம், வாவியிலிருந்து வந்தவர் சாரத்தைக்கூட மாற்றாமல் குளத்தடிக்குப் போனார். போனவர் என்னைக் கூப்பிட்ட குரல் சரியில்லை. ஓடினேன். வேப்பிலைக்கு நடுவில் பெரியவர் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கிறார். செவுள் அடிக்கிற அடி, ஓடி வந்தவனின் நெஞ்சு மாதிரி. நாலு குஞ்சில் ஒன்று பக்கவாட்டில் மிதக்கிறது.

"ஆத்தில மீன் இப்பிடி மேல வந்து வாய் பிளந்தா, தண்ணி கெட்டுப் போச்செண்டு அர்த்தம். இதுக்குள்ள மூச்சு இல்ல புள்ள. மோட்டாரப் போடு."

நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்லுவோம். மச்சாளிடம் கேட்க வேண்டாமா என்று நான் ஒரு கணம் நின்றேன். அவர் ஏற்கெனவே குளத்துக்குள் இறங்கி, இரண்டு கையாலும் வேப்பிலையை வாரிக் கரையில் எறிந்துகொண்டு இருந்தார். மோட்டாரையும் பம்பியையும் போட்டேன். கல்லிலிருந்து குமிழி வந்ததும் பெரியவர் மெல்ல அதன் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். ராத்தாவுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தேன். கட்டாரில் இன்னும் விடிந்திருக்காது, ஆனால் அவர் தொழுகைக்கு எழும்பியிருப்பார். எடுத்த எடுப்பிலேயே ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன், வேப்பிலை, மஞ்சள், மோட்டார் எல்லாம். அந்தப் பக்கம் ஒரு சின்னக் குழந்தை சிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ராத்தா கேட்டார்.

"புதுசா மீன் விட்டியா?"

"நாலு குஞ்சு."

"எங்க விட்டாய்?"

"குளத்துக்குள்ளதான்."

"அப்ப தனித்தொட்டிய நான் என்னத்துக்குத் தந்தன்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கால் கழுவுறம் ராத்தா" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. கடையிலிருந்து வருகிற மீன் நோயைக் கொண்டு வரும், அதனால் எந்தப் புது மீனையும் முதலில் தனியாக வைத்துப் பார்த்து, சுகம் என்று தெரிந்த பிறகுதான் மற்றதோடு சேர்க்க வேண்டும், அதற்குத்தான் அந்தத் தொட்டி என்று நிதானமாகச் சொன்னார். இந்த வெள்ளைப் புள்ளி குளிரில்தான் கூடும். ஆகவே குளிர்ச்சி காட்டாதே, வெயில் வந்தால் படவிடு, மோட்டாரை நிறுத்தாதே, உப்புப் போடு என்றார். உப்பா? நல்ல தண்ணீர் மீனுக்கு? கோடையில் கிணறு உப்பாகிவிடுமோ, குளத்துக்கு எங்கே போய்த் தண்ணீர் அள்ளுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தவள். ஓம், கல்லுப்புத்தான், அவர் அதைத்தான் போடுவார் என்றார் ராத்தா. எவ்வளவு என்று கேட்டேன். அதுதான் அவருக்குத் தெரியவில்லை. கணவர் அள்ளிப் போடுவார், ராத்தா பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். கூடினாலும் கூடாது என்று மட்டும் சொல்லுவாராம்.

போனை வைத்துவிட்டு, கையில் உப்புப் பையோடு நின்றேன். எங்கட மனிசன் கொஞ்ச நேரம் யோசித்தார். மழைக்கு வாவித் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும், முகத்துவாரம் திறந்தால் கடல் ஏறி உப்பாகும். இரண்டுக்கும் இடையில் கொஞ்ச நாள் இருக்கிறது, உப்பு நாக்கில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நாள். அந்தத் தண்ணீரில் நல்ல தண்ணீர் மீனும் நிற்கும், கடல் மீனும் வரும், இரண்டுக்கும் பகை இல்லை என்றார். தினமும் தோணியை இறக்க முன்னம் ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. எந்த மீன் எங்கே நிற்கும் என்று அவருக்குச் சொல்வது அந்த நாக்குத்தான்.

முதலில் குளத்திலிருந்த ஆம்பல் கிழங்கைத் தூக்கி ஒரு சட்டிக்கு மாற்றினேன், அது உப்புத் தாங்காது. வேப்பிலை ஊறிய தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டோம். பிறகு உப்பை வாளியில் கரைத்துக் கொஞ்சம் ஊற்றுவது, கலக்குவது, அவர் விரலைத் தொட்டு நாக்கில் வைப்பது. "காணாது." இன்னும் கொஞ்சம். "காணாது." பொழுது சாயும்வரை அப்படியே மெல்ல மெல்ல. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், இதுதான், முகத்துவாரம் திறந்து நாலைந்து நாளைக்குப் பிறகு எங்கட துறையடித் தண்ணீர். எனக்கும் ஒரு விரல் வைத்துப் பார்க்க ஆசை வந்தது. வைத்தேன். எனக்குத் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. அவர் சிரித்தார்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டொரு நாளைக்குப் பிறகு காற்றோடு மழை அடித்து, எங்கேயோ மரம் முறிந்து கரண்ட் கம்பியில் விழுந்தது. பட்டப்பகலில் மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் மேலே வரத் தொடங்கினார். என்ன செய்வது? எங்கட மனிசன் ஒரு பானையை எடுத்துக் குளத்துத் தண்ணீரை அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, திரும்பக் குளத்திலேயே ஊற்றினார். தண்ணீர் விழுந்து நுரைத்தது. உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும் என்றார். அவர் களைக்க நான். நான் களைக்க அவர். கை கழன்றுவிடும் போல இருந்தது.

சத்தம் கேட்டு மச்சாள் வந்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்னவர் அவர்தான். வேப்பிலையை வாரிக் கரையில் எறிந்ததைக் கண்டதிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். வரும்போது கையில் குளிர்த்திக்குத் தண்ணீர் சுமக்கிற பெரிய செம்புக்குடம். புடவையைத் தூக்கிச் செருகினார்.

"தள்ளு புள்ள. நீ ஊத்துறது மூத்திரம் பெய்ற மாதிரிக் கிடக்கு."

குடத்தை நிரப்பி, தோளுக்கு மேலே தூக்கி ஊற்றினார் பாருங்கள். வருசா வருசம் சுமந்த தோள். குளம் கொதிக்கிற உலை மாதிரி நுரைத்தது. மூன்று பேரும் மாறி மாறி, மழை எங்கள் தலையில் ஊற்ற, நாங்கள் மீன் தலையில் ஊற்ற. இதுதான்டா தலைக்குத் தண்ணி வார்க்கிறது, போய்த் துறையில் உன்னுடைய கூட்டாளிகளிடம் சொல்லு என்று தம்பிக்கு ஒரு குத்து வேறு. பின்னேரம் தேத்தண்ணி நேரத்துக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியபோது, நித்திரைப் பூனை என்று நான் சொன்ன அதே சத்தம் கோயில் மணி மாதிரிக் கேட்டது.

கை காலை உதறிக்கொண்டு மூவரும் கூரைக்குக் கீழே நின்றபோது, மச்சாளிடம் ராத்தா தனித்தொட்டியைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். மச்சாள் கால் கழுவுகிற அந்தத் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மாள் வந்த ஆள நாங்களும் தனி அறைக்குள்ளதானே விடுவம். எல்லாம் செஞ்சம், அத மட்டும் செய்யல்ல."

எனக்கு முதுகில் ஆரோ தட்டியது போல இருந்தது. வேப்பிலை, மஞ்சள், தாளிப்பு, மச்சம், சத்தம். ஒன்றும் விடாமல் செய்தோம். அந்த வழக்கத்திலேயே மீனுக்கும் பொருந்துகிற ஒன்று இருந்தது. அதைத்தான் விட்டோம். அதற்கான தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டு நின்றோம்.

புள்ளிகள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. உதிர்ந்ததும் விட்டுவிடாதே, உதிர்ந்தது தண்ணீரில் கிடந்து திரும்ப ஏறும், இன்னும் கொஞ்ச நாளைக்கு உப்பு இருக்கட்டும் என்று கட்டாரிலிருந்து சொல் வந்தது. "பின்ன? நாங்களும் ஒரு தண்ணியோட வெளிய விடுவமா, மூண்டு தண்ணி வாக்கோணும்" என்றார் மச்சாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனால் நடுவில் நான் ஒரு குழாய் மாதிரி இருந்து, இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் ஊற்றிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் தண்ணீர் என்று மச்சாள் சொன்ன அன்றைக்கு எங்கட மனிசன் செத்தல் என்கிற வாவி மீனில் இரண்டு, பெரிதாகப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்தார். புளி விட்டு ஆக்கினேன். குளத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து தின்றார்.

ராத்தா வந்தது பங்குனியில். அதே பட்டா, அதே பொடியன். இறங்கியவர் நேரே குளத்தடிக்குப் போய்க் குந்தினார். மூக்கு அடைத்திருந்தது, கட்டாரில் பிடித்த தடிமன் விடவில்லையாம். நானும் மனிசனும் மச்சாளும் பின்னால் வரிசையாக நின்றோம், பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்கள் மாதிரி. மிஞ்சிய மூன்று குஞ்சும் ஒதுங்க, பெரியவர் மேலே வந்தார். ஒரு பக்கச் செட்டையின் விளிம்பில் சின்னக் கிழிசல் ஒன்று மிச்சம். ராத்தா நெற்றித் திட்டை விரலால் தொட்டார்.

பிறகு மச்சாளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உங்கட அம்மாள் காப்பாத்தினாவோ, உப்புக் காப்பாத்திச்சோ, அல்லாஹ்தான் அறிவான்."

"ஆர் காப்பாத்தினாலும் தோள் நொந்தது எனக்கு" என்றார் மச்சாள். அன்றைக்குப் பிறகு அவருக்கும் ராத்தா கடையில்தான் புடவை.

மீனைக் கொண்டுபோக நாங்களும் கூட ஏறினோம். வழியில், ராத்தா புதிதாக வாங்கி வந்த, பட்டரியில் ஓடுகிற காற்றுப் பெட்டியை எங்கட மனிசன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஏறாவூரில் ராத்தாவின் முற்றத்தில் தொட்டி கழுவி, நிரப்பி, வடி வாளி ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் ராத்தா பெரியவரை அதற்குள் விடவில்லை. கிணற்றடியில் வேறொரு பாதித் தாங்கி, தண்ணீர் நிரப்பி, காற்றுக் கல் போட்டு வைத்திருந்தார். அதற்குள் விட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கட வீட்டிலிருந்து வந்தவருக்குமா என்று கேட்டேவிட்டேன்.

"தாயும் புள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற. மருமகள் மாசமா இரிக்கா, தடிமனோட வந்த நானே முன்னறைக்குள்ள தனியத்தான் படுக்கிறன். எனக்கில்லாத சட்டம் மீனுக்கு என்ன?"

சொல்லிவிட்டு எனக்குத் தந்த தொட்டியை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் கழுவ வேறு ஏதாவது வாங்கு என்றார். எங்கட மனிசன் எங்கள் கதையைக் கேட்கவில்லை. கிணற்றடியில் குந்தி, பாதித் தாங்கிக்குள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"காணாது" என்றார்.

ராத்தா குசினிக்குள் போய், உப்புச் சாடியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.